மடிக்கணினிக்கு ஒரு நாளேடு



தாளில் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு இடையிலே மின்சாரம் நின்றுபோனால் விளக்கு அணைகிறது. அவன் எழுதிய வரிகள் எழுதியபடியே இருக்கின்றன. கணினியில் எழுதுகிறவனுடைய நிலை அவ்வாறன்று. யந்திரம் திடீரென நின்றுவிட்டால் கடைசியாக எழுதிய சில வரிகள் போய்விடலாம். அது பொறுத்துக்கொள்ளக்கூடிய நட்டமே. ஆனால், அன்று முழுவதும் தொட்டும் பாராத, மூன்று வருடங்களுக்கு முன் எழுதி வைத்த கோப்பொன்றும் சிலவேளை அதனுடன் சேர்ந்து கெட்டுப்போவதுண்டு. தொடாத பொருள் ஏன் கெட வேண்டும்? கெடாமற் காக்க என்ன வழி கண்டார்கள்? அந்த வழியை ஒரு பழைய மடிக்கணினியிலே புகுத்துவது எப்படி? இவைபற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மடிக்கணினிக்குத்தான் பற்றரி உண்டே, அதற்கு இந்த அபாயம் ஏது என்று சிலர் எண்ணக்கூடும். புதிய பற்றரி உள்ளவரைக்கும் அது சரிதான். பற்றரி முதுமையடைந்த பின்னரோ, இன்னும் இருபது நிமிடம் தாங்கும் என்று திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே கணினி சட்டென இருண்டுவிடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, பழைய பற்றரிகளை நம்பி வேலை செய்தவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதனினும் அடிக்கடி நேர்வது வேறொன்று. மூடி வைத்த மடிக்கணினி, திறந்தபின் உறக்கத்திலிருந்து விழிக்காமல் உறைந்து கிடக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்துவதைத் தவிர அப்போது வேறு வழியிராது. மேசைக்கணினியைக் காட்டிலும் மடிக்கணினியே இவ்வாறு இடைநடுவில் நிறுத்தப்படுவதற்குப் பழகிய யந்திரம் என்று சொல்லலாம்.

இனி, தொடாத கோப்பு கெடுவதன் காரணத்தைப் பார்ப்போம். கணினியின் வன்வட்டு, சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட பெருநிலம் போன்றது. ஒரு கட்டம் பெரும்பாலும் 4096 எழுத்துகள் அளவினதாகும். அந்த நிலத்திலே எது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லச் சில பதிவேடுகள் உண்டு. கோப்புகளின் பெயர்களைத் தாங்கிய பட்டியல் ஒன்று. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் பருமன், திகதி, அது குடியிருக்கும் கட்டங்கள் ஆகியவற்றைக் கூறும் விவரச் சீட்டு ஒன்று. எந்தக் கட்டம் வெறுமையானது, எது பிடிக்கப்பட்டது என்று காட்டும் இருப்புப் பட்டியல் ஒன்று. இவை அனைத்தையும் சேர்த்தே கோப்பு முறைமை என்கிறார்கள்.

நீங்கள் ஒரு கடிதத்தைச் சேமிக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு செயல். வட்டுக்கோ குறைந்தது நான்கு செயல்கள்: இருப்புப் பட்டியலில் கட்டங்களைப் பிடித்ததாகக் குறிக்க வேண்டும், விவரச் சீட்டை எழுத வேண்டும், பெயர்ப் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும், கடிதத்தையும் எழுத வேண்டும். இவை வட்டின் வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு கணங்களில் நிகழ்கின்றன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் மின்சாரம் நின்றால் பதிவேடுகள் ஒன்றோடொன்று முரண்படும். பெயர் இருக்கும், பொருள் இராது. அல்லது பொருள் இருக்கும், அதற்குப் பெயர் இராது. இவற்றினும் கொடியது, ஒரே கட்டம் இரண்டு கோப்புகளுக்கும் உரியதென எழுதப்பட்டுவிடுவது. ஒரே காணிக்கு இருவர் உறுதி முடித்துக்கொண்ட வழக்குப் போன்றது அது. புதிய உரிமையாளன் வந்து வீடு கட்டத் தொடங்கும்போது, மூன்று வருடமாக அங்கே குடியிருந்தவனுடைய சுவர் இடிகிறது. தொடாத கோப்பு கெடும் வழிகளுள் இதுவும் ஒன்று.

இதற்குப் பழைய பரிகாரம் சோதனை. லினக்ஸ் என்னும் இயக்க முறைமையில் 1993ஆம் ஆண்டு முதல் வழங்கிவந்த எக்ஸ்ட் 2 என்ற கோப்பு முறைமையை எடுத்துக்கொள்வோம். பிரான்சு தேசத்து ரெமி கார்டும் அவருடைய நண்பர்களும் ஆக்கியது, விரைவானது, எளிமையானது. கணினி ஒழுங்காக மூடப்பட்டால் 'சுத்தமாக மூடப்பட்டது' என்று வட்டிலே ஒரு குறிப்பை எழுதிவைக்கும். மீண்டும் இயக்கும்போது அந்தக் குறிப்பு இல்லையெனில், ஒரு சோதனைக்காரன் எழுந்து வட்டின் பதிவேடுகள் அனைத்தையும் தொடக்கத்திலிருந்து ஒப்புநோக்குவான். ஐந்து நொடியில் நேர்ந்த குழப்பத்துக்காக ஐந்து வருடக் கணக்கையும் புரட்ட வேண்டும். வட்டுகள் பெருக்கப் பெருக்க அந்த நேரமும் பெருகிற்று. அதைவிட வருத்தந் தருவது, சோதனைக்காரன் தன்னால் தீர்மானிக்க முடியாதவற்றை நம்மிடமே கேட்பான். இந்த எண்ணுள்ள விவரச் சீட்டைத் திருத்தவா, ஆமா, இல்லையா என்பான். என்ன விடை சொல்வது? பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் ஆம் என்றே சொல்லிவைத்தார்கள். முடிவில் உரிமை தெரியாத துண்டுகள் யாவும், இழந்து கண்டெடுத்தவை என்ற பெயருடைய அறையொன்றிலே வெறும் எண்களையே பெயராகத் தாங்கிக் கிடக்கும். ஆய்வுக் கட்டுரையொன்றை அந்த எண்களிடையே தேடும் மாணவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நாளேடு என்ற யோசனை இங்கேதான் வருகிறது. பத்திரிகையைக் குறிக்கும் நாளேட்டை நான் சொல்லவில்லை. வணிகக் கணக்கியலில் வரும் நாளேட்டையே சொல்கிறேன். பழைய கடைகளின் கணக்கப்பிள்ளை கொடுக்கல் வாங்கலை நேரே பேரேட்டில் ஏற்றுவதில்லை. முதலில் நாளேட்டிலே வரிசையாக எழுதுவார். பின்னர் ஆறுதலாக அமர்ந்து பேரேட்டில் அந்தந்தப் பக்கத்துக்கு மாற்றுவார். மாற்றும்போது யாராவது அழைத்து எழுந்து போனாலும் பயமில்லை. திரும்பி வந்து நாளேட்டைப் பார்த்தால் எதுவரை முடிந்தது என்று தெரியும்.

கணினியும் அதையே செய்கிறது. வட்டின் ஓரத்தில் ஓர் இடத்தை நாளேட்டுக்கென ஒதுக்கி, செய்யப்போகும் மாற்றங்கள் யாவற்றையும் முதலில் அங்கே எழுதுகிறது. ஒரு தொகுதி முழுவதும் எழுதி முடிந்ததும் நிறைவுக் குறி ஒன்று இடுகிறது. அதன் பிறகே உரிய இடங்களில் மாற்றங்களைப் பதிக்கிறது. இடையில் யந்திரம் நின்றுவிட்டால், மறுபடி இயங்கும்போது நாளேட்டை மட்டும் படித்தாற் போதும். நிறைவுக் குறியுள்ள தொகுதிகளை மீண்டும் பதித்துவிடுகிறது. குறியில்லாதவற்றை நிகழாதவையாகக் கருதிக் கைவிடுகிறது. வட்டு முழுவதையும் புரட்டாமல் சில நொடிகளில் வேலை முடிகிறது. 

இவ்விடத்தில் உவமை ஒருபடி தவறுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கப்பிள்ளை ஐந்து ரூபாயை இருமுறை பேரேட்டில் ஏற்றினால் கணக்குப் பிழைத்துவிடும். கணினி இருமுறை பதித்தாலும் பிழைப்பதில்லை. ஏனெனில் நான் விளக்கப்போகும் முறைமையின் நாளேட்டில் 'ஐந்தைக் கூட்டு' என்று எழுதுவதில்லை. மாற்றத்துக்குப் பின் அந்தப் பக்கம் எவ்வாறிருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் முழுவதையுமே படியெடுத்து வைக்கிறது. அதை எத்தனை முறை பதித்தாலும் பக்கம் அதே பக்கந்தான்.

இந்த யோசனை கோப்பு முறைமைகளில் பிறந்ததன்று. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தரவுத்தளங்களை ஆராய்ந்த ஜிம் கிரே முதலியோர் இதை நன்கு வகுத்திருந்தார்கள். கிரேக்கு 1998ஆம் ஆண்டின் டியூரிங் விருது கிடைத்தது. செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுநிலையத்தில் ரொபர்ட் ஹாக்மன் 1987ல் சீடர் என்னும் கோப்பு முறைமையில் இதைப் புகுத்திக் காட்டினார். 1990ல் ஐ.பி.எம்., 1993ல் மைக்ரோசொவ்ட்டின் என்.ரி.எவ்.எஸ்., 1994ல் சிலிக்கன் கிரவிக்ஸ் என இது பெருநிறுவனங்களின் யந்திரங்களுக்குப் பரவிற்று. இலவசமாகக் கிடைத்த லினக்ஸை ஒரு பழைய மடிக்கணினியில் போட்டுக்கொண்ட எளிய மாணவன் மட்டும் சோதனைக்காரனுடைய கேள்விகளுக்கு ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்காக வேலை செய்தவர்களுள் ஸ்டீபன் ட்வீடி என்பவரை நான் சிறப்பாகச் சொல்ல வேண்டும். புதிய முறைமை ஒன்றை அடியிலிருந்து கட்டும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. உலகெங்கும் எக்ஸ்ட் 2 வட்டுகளில் மக்களுடைய கோப்புகள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவற்றைக் காலி செய்யாமலே நாளேட்டைச் சேர்க்க வேண்டும் என்று எண்ணினார். அத்திட்டத்தை 1998ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். நாளேடும் ஒரு கோப்பே. பழைய வட்டிலே அது ஒரு மூலையில் இருக்கும். மற்றவை இருந்தபடியே இருக்கும். வீட்டாரை வெளியேற்றாமல் வீட்டுக்கு ஓர் அறையைக் கூட்டிக் கட்டுவது போன்றது இது. எக்ஸ்ட் 3 எனப் பெயர்பெற்ற இம்முறைமை 2001 நவம்பரில் லினக்ஸின் 2.4.15ஆம் பதிப்பில் சேர்ந்தது. அதே ஆண்டின் தொடக்கத்திலேயே ரைசர் என்னும் இன்னொரு நாளேட்டு முறைமை லினக்ஸில் சேர்ந்துவிட்டது. சிறு கோப்புகளைக் கையாள்வதில் அது வல்லதுதான். ஆனால் அதற்கு மாற வட்டை வெறுமையாக்கி, எல்லாவற்றையும் வேறிடம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். மடிக்கணினிக்கு இருப்பதோ ஒரே வட்டு. எங்கே கொண்டுபோவது? எக்ஸ்ட் 3 பரவியதற்கு அதன் வேகம் காரணமன்று. ட்வீடியின் அந்த அடக்கமே காரணம் என்பது என் கருத்து. 2025ல் வெளிவந்த லினக்ஸ் பதிப்பிலிருந்து ரைசர் அகற்றப்பட்டுவிட்டது.

மாற்றும் வேலை எவ்வளவு சிறியது என்று சொன்னால் வியப்பீர்கள். முதலில் வேண்டிய கோப்புகளுக்கு வேறொரு வட்டில் படி எடுத்துக்கொள்ள வேண்டும். இது எந்த மாற்றத்துக்கும் பொது. அடுத்து, பழைய சோதனைக்காரனை ஒருமுறை அழைத்து வட்டைச் சோதித்து முடிக்க வேண்டும். முரண்பட்ட பதிவேடுகளின்மேல் நாளேடு வைப்பதிற் பயனில்லை. பின்னர் டியூன்-டூ-எவ்-எஸ் என்ற கருவிக்கு ஒரே ஒரு கட்டளை. சில நொடிகளில் நாளேடு உண்டாகிவிடும். வட்டின் அளவுக்கேற்பச் சில மெகாபைட் முதல் நூறு மெகாபைட்டுக்கு மேல் வரை இடம் பிடிக்கும். பயன்பாட்டில் இருக்கும்போதே இதைச் செய்தால், புள்ளியோடு தொடங்கும் பெயருடைய நாளேட்டுக் கோப்பொன்று கண்ணுக்குத் தெரியும். வேண்டாத கோப்பென்று அதை அழிக்க முயல வேண்டாம். இறுதியில், எந்த வட்டை எந்த முறைமையாகத் திறப்பது என்று கூறும் அட்டவணையில் 2 என்பதை 3 என்று திருத்திவிட்டுக் கணினியை மறுபடி இயக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கணினி விழித்தெழும் முதற் கணத்திலேயே எக்ஸ்ட் 3ஐ அறிந்த நிரற்பகுதி அதனிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது முறைப்பாடு எதுவும் செய்யாது. தனக்குத் தெரிந்த எக்ஸ்ட் 2 ஆகவே வட்டைத் திறந்துகொண்டு, ஒன்றும் நடவாததுபோல வேலை செய்யும். நாளேடு வட்டிலே இருக்கும், எழுதுவார் இரார். உரிமையாளர் பாதுகாப்பு வந்துவிட்டதென நம்பிக்கொண்டிருப்பார். ஆகவே அட்டவணையைப் பார்த்துத் திருப்தியடையலாகாது. அட்டவணை நம்முடைய விருப்பத்தைக் காட்டுகிறது. வட்டு உண்மையில் எவ்வாறு திறக்கப்பட்டிருக்கிறது என்பதை இயங்கிக்கொண்டிருக்கும் கருவே வேறோர் இடத்தில் எழுதிவைத்திருக்கும். அதைப் பார்க்க வேண்டும்.

இனி, இந்த நாளேடு எதைக் காக்கிறது என்பதைத் திட்டமாக அறிந்துகொள்வோம். மாறியவர்களுட் பலர் இங்கேதான் ஏமாந்தார்கள். நாளேட்டு முறைமை வழக்கமாகக் காப்பது பதிவேடுகளை, கடிதத்தை அன்று. நீங்கள் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும் பந்தி இன்னும் கணினியின் நினைவகத்தில் மட்டும் இருந்தால் அது போனது போனதுதான். எக்ஸ்ட் 3ல் மூன்று வழிகள் உண்டு. ஒன்றில் கடிதமும் பதிவேடும் இரண்டுமே நாளேட்டில் எழுதப்படும். ஒவ்வொன்றும் இருமுறை எழுதப்படுவதால் மெதுவானது. இன்னொன்றில் பதிவேடு மட்டும் எழுதப்படும், கடிதம் எப்போது எழுதப்பட்டாலும் சரி என்று விடப்படும். விரைவானது, ஆனால் விபத்தின் பின் உங்கள் கோப்பினுள் என்றோ அழித்த வேறொரு கோப்பின் துண்டு தலைகாட்டக்கூடும். நடுவழியிலே, கடிதம் முதலில் தன் இடத்தில் எழுதப்பட்ட பின்னரே அதைக் குறிக்கும் பதிவேட்டுக்கு நிறைவுக் குறி இடப்படும். தனியாள் ஒருவருடைய மடிக்கணினிக்கு இந்த நடுவழியே போதுமானது. இயல்பாக அமைந்திருந்ததும் அதுவே.

அது பழகிப்போனதன் விளைவு 2009ன் தொடக்கத்தில் வெளிப்பட்டது. எக்ஸ்ட் 3க்கு அடுத்ததாகிய எக்ஸ்ட் 4, 2008 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பில் உறுதியானதென அறிவிக்கப்பட்டிருந்தது. அது கோப்புக்கு இடம் ஒதுக்குவதையே தாமதப்படுத்தும். பல எழுத்துகளைச் சேர்த்து ஒரேயடியாக நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பதற்காக அவ்வாறு செய்தார்கள். வேகம் கூடிற்று. ஆனால் கணினி உறைந்து நின்றபின் பார்த்தால் சிலருடைய கோப்புகள் பெயரோடு இருந்தன. உள்ளே ஓரெழுத்தும் இல்லை. பதிவேடுகளிற் பிழையில்லை, நாளேடு தன் கடமையைச் செய்திருந்தது. முறைமையைப் பராமரித்த தியடோர் சோ, 'வட்டில் எழுதி முடி' என்று கட்டாயப்படுத்தும் கட்டளையைச் செயலிகள் இடவில்லை, பிழை அவற்றுடையதே என்று வாதித்தார். விதிநூலின்படி அவர் சொன்னது சரி. ஆயினும் பயனாளருக்கு விதிநூலால் என்ன ஆறுதல்? பழைய கோப்பை மாற்றீடு செய்யும் சந்தர்ப்பங்களில் உடனே எழுதிவிடும்படி அவரே முறைமையைத் திருத்தியும் கொடுத்தார். வாதத்தை விட்டுக்கொடுக்காமலே வேலையைச் செய்து கொடுத்த அந்தப் பண்பு பாராட்டத்தக்கது.

மடிக்கணினிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. சுழலும் வன்வட்டு பற்றரியைத் தின்னும் உறுப்புகளில் ஒன்று. வேலையில்லாதபோது அதன் சுழற்சியை நிறுத்தி உறங்கவைப்பது வழக்கம். எக்ஸ்ட் 3 வந்ததும் வட்டு உறங்க மறுத்தது. காரணம், எழுத ஏதேனும் இருந்தால் நாளேட்டுக்காரன் ஐந்து நொடிக்கொருமுறை எழுந்து நிறைவுக் குறி இடுவான். கோப்பைப் படித்தாலும், படித்த நேரத்தைக் குறித்துவைக்க வேண்டுமல்லவா? அதுவும் ஓர் எழுத்தே. காவற்காரன் விழித்திருப்பதால் வீட்டில் எவருமே உறங்க முடியாத கதையாயிற்று. 2004ல் லினக்ஸின் 2.6.6ஆம் பதிப்பில் மடிக்கணினிக்கென ஒரு வகை சேர்க்கப்பட்டது. பற்றரியில் ஓடும்போது எழுத்துகளைப் பத்து நிமிடம் வரை தேக்கிவைத்து, வட்டு வேறு காரணத்தால் சுழலும் வேளை பார்த்து எல்லாவற்றையும் ஒருங்கே எழுதிவிடும். பற்றரி மிச்சமாகும். யந்திரம் நின்றால் போவது ஐந்து நொடி வேலையன்று, பத்து நிமிட வேலை. நல்ல பற்றரி உள்ளவர் இதை ஏற்கலாம். பற்றரி தேய்ந்தவர் தொடவே கூடாது. மிச்சம் பிடிக்கும் ஆசை அவருக்கே அதிகம் என்பதுதான் சங்கடம். கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்க வேண்டாம் என்ற சிறு மாற்றத்தை மட்டும் யாரும் அச்சமின்றிச் செய்யலாம்.

வட்டும் சிலவேளை பொய் சொல்லும். தனக்குள்ளிருக்கும் சிறு நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதிவிட்டேன் என்று விடை சொல்லும். நிறைவுக் குறி முன்னும் அதற்குரிய மாற்றங்கள் பின்னுமாக எழுதப்பட்டால் நாளேடே பொய்க்கணக்காகிவிடும். இதைத் தடுக்கும் ஏற்பாடு எக்ஸ்ட் 3ல் இருந்தும் 2011 வரை இயல்பாக நிறுத்தியே வைக்கப்பட்டிருந்தது, வேகத்துக்காக.

இன்று கடையில் வாங்கும் மடிக்கணினிக்கு இந்த மாற்றம் எதுவும் தேவையில்லை. விண்டோஸ் கணினிகள் என்.ரி.எவ்.எஸ். முறைமையோடு வருகின்றன, அதற்கு நாளேடு உண்டு. அப்பிள் கணினிகளுக்கு 2002ல் நாளேடு வந்தது. 2017 முதல் அவை, பழைய பக்கத்தை அழிக்காமல் புதிய பக்கத்தில் எழுதிப் பின் சுட்டியை மாற்றும் வேறொரு முறையைக் கையாள்கின்றன. லினக்ஸில் எக்ஸ்ட் 3க்கான தனி நிரல் 2015ல் நீக்கப்பட்டாலும், எக்ஸ்ட் 4க்கான நிரலே பழைய எக்ஸ்ட் 3 வட்டுகளையும் திறந்து கொடுக்கிறது. இருபது வருடத்துக்கு முன் மாற்றிய மடிக்கணினி வட்டு ஒன்று உங்கள் அலுமாரியில் இருந்து, அது இன்னும் சுழலுமாயின், இன்றும் படிக்கலாம்.

ஆனால் அதே மடிக்கணினியின் பக்கவாட்டில் நாம் செருகி எடுக்கும் சிறிய நினைவுக் குச்சிகள் பெரும்பாலும் வ்பற் 32 அல்லது எக்ஸ்-வ்பற் என்னும் முறைமைகளில் அமைந்தவை. எந்த நாட்டு எந்தக் கணினியும் அவற்றைப் படிக்கும். அதனாலேயே அவற்றை விடமுடியவில்லை. அவற்றுக்கு நாளேடு இல்லை. வ்பற் 32 குச்சியை, உள்ளிருப்பவற்றை அழிக்காமலே என்.ரி.எவ்.எஸ். ஆக மாற்றும் கட்டளை விண்டோஸில் உண்டு. மாற்றினால் பழைய நிலைக்கு அதே வழியில் திரும்ப முடியாது. அச்சகத்திலோ புகைப்படக் கடையிலோ உள்ள பழைய யந்திரம் அதைப் படிக்க மறுக்கவுங்கூடும். மாற்றாமல் வைத்திருப்பவர்கள், குச்சியை இழுக்குமுன் 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அழுத்தி, கணினி விடை தரும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.